பிரிக்காத தபால்கள்

மேசைமேல் அவர் வைத்தது மளிகைக்கடையில் கொடுக்கும் காகிதப் பை. ஒரு பக்கக் கைப்பிடி பிய்ந்திருந்தது. உள்ளே வாய்வரைக்கும் தபால். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. "என் மனைவிதான் இதெல்லாம் பார்த்துப்பாள். அவள் போய் 8 மாசமாச்சு" என்றார்.

அவருக்கு 58 வயது. கலிபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். 30 வருடத்துக்கு மேல் லாரி மெக்கானிக். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறதென்று சொல்லிவிடுவார். ஆங்கிலம்தான் அவருடைய தாய்மொழி. அதைப் படிக்க மட்டும் தெரியாது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு பொது நூலகத்தின் எழுத்தறிவுப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் 2 வருடம் தன்னார்வலர், அதன்பிறகு ஊழியர். ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "அமெரிக்காவுல போய் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவங்களா?" இருக்கிறார்கள். வளர்ந்த நாடுகள் பலவும் உறுப்பினராக இருக்கும் ஓஇசிடி அமைப்பு பல நாடுகளில் நடத்தும் திறன் ஆய்வின்படி, 2023-ல் 16 முதல் 65 வயதுக்குட்பட்ட அமெரிக்கர்களில் 28 சதவீதம் பேர் வாசிப்பில் தொடக்கப் படியான முதல் நிலையிலோ அதற்கும் கீழேயோ இருந்தார்கள். 2017-ல் இது 19 சதவீதம். சின்னச் சின்ன வாக்கியங்களை எப்படியோ ஓட்டிவிடுவார்கள். ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்து இதில் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்றால் தடுமாறுவார்கள். குடியேறி வந்தவர்கள் இதில் உண்டு. இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்களும் நிறைய உண்டு. அப்பாவின் வேலையால் வருடத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறியவர்கள், எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே வகுப்பு தாண்டியவர்கள்.

கலிபோர்னியா மாநில நூலகம் 1984-ல் இவர்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கியது. இன்று மாநிலத்தில் 100-க்கும் மேற்பட்ட நூலக அமைப்புகள் அதில் இருக்கின்றன. பள்ளியில் படிக்காத, 16 வயது நிரம்பிய யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவருக்குக் கற்க வருபவர் ஒருவர். எங்கள் நூலகத்தில் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், கதவு சாத்திய சின்ன அறையில். அந்தக் கதவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் 40 வருடம் மறைத்து வைத்த ஒன்றை அந்த அறைக்குள்தான் முதல்முறையாக வெளியே எடுக்கிறார்கள்.

மறைக்கும் விதம் எந்த ஊரிலும் ஒன்றுதான். இங்கே வருகிறவர்கள் சொல்வது, "கண்ணாடியை வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன்." எனக்கு 9 வயதிருக்கும்போது புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டது, "பொழுது சாஞ்சா எழுத்து மங்குது தாயி." அது 1991. மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம். அம்மா அதில் தொண்டர். கல்குவாரியில் வேலை முடித்துக் கை காய்த்துப்போன பெண்கள் ராத்திரி எட்டு மணிக்கு வருவார்கள். அதே பெண்கள்தான் அந்த வருடம் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. அம்மா யாரையும் "படிக்க வந்தவங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அத்தை, அக்கா, மதினி என்றுதான் கூப்பிடுவார். இங்கேயும் "ஸ்டூடன்ட்" என்ற சொல்லை நாங்கள் தவிர்க்கிறோம். "லேர்னர்" என்போம். அந்தச் சொல்லை ஏன் அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பயிற்சி வகுப்பில் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதெல்லாம் தெரிந்திருந்தும் இவரிடம் நான் தவறு செய்தேன். தபால் பையோடு அவர் வந்தது ஐந்தாவது வாரம். முதல் இரண்டு வாரமும் நான் என் பாடத்திட்டத்தைத்தான் எடுத்து வைத்திருந்தேன். குறுகிய உயிரொலிகள், கேட், மேட், ஹேட். பக்கத்துக்குப் பக்கம் பூனைப் படம். மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. நான்காவது வாரமும் இல்லை, போனையும் எடுக்கவில்லை. சேர்ந்த அன்று அவர் எதற்காக வந்தார் என்று படிவத்தில் கேட்டிருந்தேன். குடும்பத்தில், வேலையில், ஊரில் எதைப் படிக்க முடிந்தால் உங்களுக்கு நன்றாயிருக்கும் என்று கேட்கும் படிவம் எங்களுக்கு உண்டு. "மெயில்" என்று அவர் சொன்னதை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதி, ஃபைலில் வைத்து, பூனைப் புத்தகத்தை எடுத்திருக்கிறேன். ஐந்தாவது வாரம் பையை வைத்துவிட்டு, "எனக்குப் பூனை வேண்டாம் மேம். இதுல என்ன இருக்குன்னு தெரியணும்" என்றார்.

அன்றைக்கு ஒரு தபாலையும் நாங்கள் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, உறையின் முகத்தைப் பார்த்தே அடுக்கினோம். அவர் என்னைவிட வேகம். மின்சாரக் கம்பெனியின் சின்னம், வங்கியின் நீலம், வண்டிப் பதிவு அலுவலகத்தின் ஜன்னல் உறை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுத்து கைகொடுக்காத இடத்தில் நிறம், உருவம், காகிதத்தின் கனம் என்று மற்ற எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறார். வலது மூலையில் பி-ஆர்-எஸ்-ஆர்-டி எஸ்-டி-டி என்று அச்சிட்டிருந்தால் அது மொத்தமாக அனுப்பும் விளம்பரத் தபால் என்று காட்டினேன். பாதிப் பை அதிலேயே குப்பைக்குப் போனது. அந்தக் குவியல் குறையக் குறைய அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த உறைகள்தான் பாடப்புத்தகம். அவர் முதலில் கற்ற சொற்கள் அமவுன்ட், டியூ, பெயிட், டேட். ஒவ்வொன்றும் ஓர் அட்டையில். அவர் மனைவி வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தது. கணவருக்குச் சேரவேண்டிய ஓய்வூதியம், குறிப்பிட்ட தேதிக்குள் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். 19 நாள் மிச்சமிருந்தது. படிவத்தை நான் நிரப்பித் தர முடியாது, அது எங்கள் வரம்பு. கூட உட்கார்ந்து படிக்கலாம், இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று காட்டலாம். படித்தோம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். கையெழுத்துப் போடும் இடத்தை அவரே கண்டுபிடித்தார்.

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் ரூத் கோல்வின் 1962-ல் தன் வீட்டு பேஸ்மென்டில் இதுபோன்ற தன்னார்வ வேலையைத் தொடங்கினார். அது நாடு முழுக்கப் பரவிய அமைப்பாயிற்று. 2024-ல் 107 வயதில் காலமானார். அவர் வழிவந்தவர்கள் அதிகம் கையாளும் முறை ஒன்று உண்டு. கற்க வந்தவர் தன் கதையைச் சொல்லுவார், நாம் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவோம், பிறகு அவர் அதைப் படிப்பார். இலக்கணத்தைத் திருத்தக் கூடாது. சொந்த வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் அடுத்த சொல் என்னவென்று மனது முன்னாலேயே போய் நிற்கும். கண் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும்.

மெக்கானிக்கிடம் ஏதாவது சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நாலு வாக்கியம். "என் மனைவி வேலியோரம் தக்காளி வச்சா. அதுங்ககூடப் பேசுவா. இப்ப நான் தண்ணி விடுறேன். என்ன பேசுறதுன்னு தெரியல." ஆங்கிலத்தில் அவர் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதினேன். விரலை வைத்துப் படித்தார். வேலி என்ற சொல்லில் நின்றார். முதலெழுத்தை மட்டும் உதட்டைக் கடித்துச் சொல்லிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நூலகத்தின் மரவேலி. அதைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்து "ஃபென்ஸ்" என்றார். மூன்றாம் தடவை விரல் இல்லாமல் படித்தார். தாளை நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கைதட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

எழுத்தறிவு வகுப்புக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு அறை. புதன்கிழமைதோறும் ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டம். இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் நூலகத்துக்குள்ளேயே உண்டு. பேச்சு வட்டத்துக்கு வருகிறவர்களில் டாக்டராக இருந்தவர் உண்டு, கணக்கு வாத்தியார் உண்டு. அவர்களுக்கு இல்லாதது ஆங்கிலம் மட்டும். மருந்து பாட்டிலைப் படிப்பதை நாங்கள் முதல் மாதத்திலேயே எடுத்துவிடுவோம். தினம் ஒருமுறை என்பதற்கு ஆங்கிலத்தில் போட்டிருக்கும் "ஒன்ஸ்" என்ற சொல், எழுத்து மாறாமல் ஸ்பானிஷில் பதினொன்று என்று பொருள்படும். ஸ்பானிஷ்காரர் ஒருவர் அதை நம்பி மாத்திரை எண்ணினால் என்ன ஆகும்?

அங்கேதான் மன்னார்குடி அம்மா வந்தார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மகன் வரவழைத்து, நிரந்தரவாசிக்கான பச்சை அட்டை வாங்கி 5 வருடம் முடிந்துவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். 55 வயது தாண்டி, இங்கே நிரந்தரவாசியாக 15 வருடம் இருந்திருந்தால் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. இவருக்கு அந்த வருடக் கணக்கு வரவில்லை. மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். ஆனால் அவர் மனதில் இருந்தது தேர்வில்லை. பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது டீச்சர் ஏதோ சொல்கிறார், இவர் தலையாட்டிவிட்டு வருகிறார். "அரிசி, பருப்பு, முட்டைன்னு பதிவேடு எழுதியே காலத்த ஓட்டினவ நான். இங்க வந்து கைநாட்டு மாதிரி நிக்கிறேம்மா" என்றார். தமிழ்ப் பத்திரிகையை ஒரே மூச்சில் படித்து முடிப்பவர்.

அவர் நோட்டில் ஒரு சிக்கலைக் கண்டேன். ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்தார். பை, அதற்கு எதிரே பேக். முதுகு, பேக். மூட்டை கட்டு, பேக். கேக் சுடு, அதுவும் பேக். நாலும் ஒரே சொல்லாக வந்து நிற்கிறது. ப-வுக்குள் இரண்டு ஒலி, க-வுக்குள் இரண்டு ஒலி என்று நாம் பிறந்ததிலிருந்து இடம் பார்த்துச் சொல்லிப் பழகியவர்கள். எழுதியதை அப்படியே ஒலிக்கும் மொழியிலிருந்து வந்தவருக்கு, கத்தி என்ற ஆங்கிலச் சொல்லில் முதலெழுத்துக்குச் சத்தமே கிடையாது என்றால் நியாயமாகவே கோபம் வருகிறது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தன்னார்வலராக வரத் தயங்கும் தமிழர்கள் பலர் என்னிடம் "என் உச்சரிப்பு அமெரிக்க உச்சரிப்பு இல்லையே" என்கிறார்கள். அதனால் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தை வெளியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஏறிக் கற்றவர்கள் நாம். எந்தப் படி வழுக்கும் என்று நமக்குத் தெரியும். காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிவிட்டு, ஆசிரியர் கிடைக்காமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆட்களின் பெயர்கள் என் மேசையில் இருக்கின்றன. தயவுசெய்து வாருங்கள்.

பேச்சு வட்டத்தில் உட்கார்ந்து பேச ஆள் குறைந்தபோது மெக்கானிக்கைக் கேட்டேன். "நானா?" என்றார். அவருக்குப் பழைய நினைப்பு. இந்த வேலைக்குப் படிக்கவே வேண்டாம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலம் பேசினால் போதும் என்றேன். வாழ்நாளில் யாரும் அவரிடம் எதையும் சொல்லிக்கொடுக்கச் சொன்னதில்லையாம், எஞ்சினைத் தவிர.

மன்னார்குடி அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நாலு பேக்கையும் நான் விளக்கி முடித்துத் தோற்றிருந்த நேரம். அவர் சட்டைப் பையிலிருந்து காலித் தபால் உறை ஒன்றை எடுத்து வாய்க்கு முன்னால் தொங்கவிட்டார். மூட்டை கட்டு என்ற பேக்கைச் சொன்னார். உறை படபடத்தது. பையைச் சொன்னார். உறை அப்படியே நின்றது. பிறகு விரலைத் தொண்டையில் வைத்து, பை என்ற சொல்லின் கடைசி ஒலியை இழுத்து, "இங்க எஞ்சின் ஓடுது" என்றார். முதுகைச் சொன்னார். "இங்க ஆஃப்." அம்மாவும் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். "அட, ஆமா கண்ணு, உள்ள அதிருதே" என்றார் என்னிடம்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு குடியுரிமை நேர்காணல். போன புதன்கிழமை மெக்கானிக் அந்த மளிகைப் பையோடு வந்தார். பிய்ந்த கைப்பிடிக்கு டேப் ஒட்டியிருந்தது. உள்ளே தக்காளி. அம்மா பையைத் தொட்டுக் காட்டி, இன்னொரு கையின் விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, அதன் பெயரைச் சொன்னார். மேசையில் கிடந்த உறையை மெக்கானிக் எடுத்து நீட்டினார். அம்மா திரும்பச் சொன்னார். உறை அசையவில்லை.