குழு இருந்தாலும் தளம் வேண்டும்

குடியிருப்போர் சங்கம், சின்ன நூலகம் மாதிரி இடங்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. வாட்ஸ்அப் குழு இருக்கும்போது தளம் எதற்கு என்று கேட்கிறார்கள். குழுவில் போட்ட அறிவிப்பு காலை வணக்கப் படங்களுக்கு அடியில் மறுநாளே காணாமல் போய்விடும். புதிதாகக் குடிவந்தவர் கண்ணில் அது படவே படாது.

முகப்பில் நான் முதலில் வைப்பது திறந்திருக்கும் நேரமும் தொலைபேசி எண்ணும்தான். அலங்காரமெல்லாம் அப்புறம். அறிவிப்பைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யச் சொல்வேன். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோரின் திரைவாசிப்பான் பல நேரம் சரியாகப் படிக்காது, தேடினாலும் அகப்படாது. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, சங்கத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். செய்து கொடுத்தவர் பெயரில் இருந்து, அவர் விலகினால் புதுப்பிக்க ஆளில்லாமல் தளமே போய்விடும்.

நகல் எடுத்து வைப்பதும் முக்கியம். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவையில் லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை அக்கம்பக்கத்து வீடுகளாகவே கட்டி வாழ்ந்தார்கள். 2009இல் யாஹூ அதை மூடியபோது, ஆர்வலர்கள் ஓடி ஓடிச் சேமித்த பகுதிதான் பிழைத்தது.

இதையெல்லாம் தனியாகச் செய்வதில்லை. இரவில் நண்பர்கள் வீடியோ அழைப்பில் சேர்ந்துகொள்வோம். ஒருத்தி பிழை திருத்துவாள், ஒருவன் நிறத்துக்குச் சண்டை போடுவான். வேலை முடிந்த பிறகும் யாருக்கும் அழைப்பைத் துண்டிக்க மனம் வராது. நேரில் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவர்களோடு இப்படி உட்கார்ந்து பேசக் கிடைப்பதே பெரிய சந்தோஷம்.

உங்கள் சங்கத்துக்குத் தளம் வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், பேசுவோம்.