பிரிக்க எவ்வளவு ஆற்றல்? அணுக்கரு முதல் புரதம் வரை படித்த விதம்

நீட்டுக்குப் படித்தபோது எனக்கு எரிச்சலூட்டியது, ஒரே கதை மூன்று புத்தகங்களில் சிதறிக் கிடந்ததுதான். அணுக்கரு பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில், எலக்ட்ரான் பதினொன்றாம் வகுப்பு வேதியியலில், புரதம் தாவரவியலில். எலக்ட்ரானைக் கண்டறிந்த தாம்சன் 1897, நியூட்ரானைக் கண்டறிந்த சாட்விக் 1932 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும்; அதற்கு மேல் அதில் சரக்கு இல்லை.

கைகொடுத்தது ஒரே கேள்வி: இதைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகச் சிறிய ஆற்றல் அலகுக்கு மாற்றி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். (ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்றால் மோலுக்குச் சுமார் 96.5 கிலோ ஜூல். இது கையில் இருந்தால் இயற்பியல் வாத்தியாரும் வேதியியல் வாத்தியாரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பது புரியும்.)

புரோட்டானுக்குள் இருக்கும் இன்னும் சிறிய துகளான குவார்க் அந்தப் பட்டியலில் வராது. புரோட்டானிலிருந்து அதைத் தனியே பிய்த்தெடுக்கவே முடியாது. புரோட்டானில் உள்ள மூன்று குவார்க்குகளின் மின்சுமைக் கணக்கு தெரிந்தால் போதும்: +2/3 இரண்டு, −1/3 ஒன்று, மொத்தம் +1.

மற்றவை எலக்ட்ரான் வோல்ட்டில் இப்படி இறங்கும். ஹீலியம் அணுக்கருவில் ஒரு துகளுக்குச் சுமார் 70 லட்சம். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்க 13.6. நீரில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 4.8. நீர் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புக்கு 0.2 அளவுதான்.

அந்தக் கடைசி இரண்டு எண்களில்தான் நிறையக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தண்ணீர் கொதிக்கும்போது அறுந்துபோவது 0.2 பிணைப்பு, 4.8 பிணைப்பு அப்படியே இருக்கும். அதனால்தான் ஆவியும் நீராகவே இருக்கிறது. முட்டை வேகும்போதும் இதே கதை. புரதத்தின் மடிப்பைத் தாங்கும் வலுக்குறைந்த பிணைப்புகள் அவிழும், அமினோ அமிலங்களைக் கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்பு அசையாது. இப்படி மடிப்பு அவிழ்வதுதான் இயல்பிழத்தல். ‘இயல்பிழத்தலின்போது மாறாதது எது?’ என்று கேட்டால் முதல்நிலை அமைப்பு, அதாவது அமினோ அமிலங்களின் வரிசை, என்று யோசிக்காமல் குறிக்கலாம். டி.என்.ஏ.வில் அடினைன்–தைமின் இடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, குவானைன்–சைட்டோசின் இடையே மூன்று. எதன் இழைகளைப் பிரிக்க அதிகச் சூடு வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

பெருமூலக்கூறு கணக்கில் ஓர் எச்சரிக்கை. 100 அமினோ அமிலங்கள் ஒரே சங்கிலியாகச் சேர்ந்தால் 99 பெப்டைடு பிணைப்பு, வெளியேறுவது 99 நீர் மூலக்கூறு. நீரின் மூலக்கூறு நிறை 18; எனவே அமினோ அமிலங்களின் மொத்த நிறையில் 99 × 18 = 1782-ஐக் கழிக்க வேண்டும். 1800-ஐக் கழித்தால் வரும் விடையையும் ஆப்ஷனில் வைத்திருப்பார்கள்.