ரைடு புக் பண்ணும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்

2025 மே மாத லீவில் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, அமெரிக்காவில் சார்லட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து எல்லோருமாக ஒர்லாண்டோவில் இருக்கும் பெரிய கேளிக்கைப் பூங்காவான டிஸ்னி வேர்ல்டுக்கு. திரும்பி வந்ததிலிருந்து சொந்தத்தில் யார் அந்தப் பக்கம் கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. "எந்தெந்த ரைடை முன்னாடியே புக் பண்ணோணும், சொல்லுங்க" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "யாரெல்லாம் போறீங்க? அவங்கவங்களுக்கு என்ன ஆசை?" இந்தக் கேள்விக்கு யாரிடமும் சட்டென்று பதில் இருப்பதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர்ப்பக்கத்தில் இதற்கெல்லாம் பழக்கமில்லை. சின்ன வயதில் கோபியிலிருந்து புளியம்பட்டி வழியாக மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குப் போவோம். வாசலில் டிக்கெட், உள்ளே போனால் கூட்டம் எங்கே கம்மியோ அங்கே ஓடுவோம், அவ்வளவுதான். கொச்சி வொண்டர்லாவில் இப்போது ஃபாஸ்ட்ராக் என்று கூடுதல் பணத்துக்குத் தனி வரிசை இருக்கிறது. ஆனாலும் எத்தனை மணிக்கு எதில் ஏறுவது என்று திருப்பூரில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. டிஸ்னி வேர்ல்டில் அதைத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் போனபோது இருந்த முறை இது. லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று ஒன்று. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால், ஒரு பார்க்கில் மூன்று ரைடுகளுக்கு முன்கூட்டியே நேரம் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர அவகாசம் தருவார்கள், அதற்குள் போனால் தனி வரிசையில் விடுவார்கள். டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் ரைடுகளை இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். கிராக்கி அதிகமுள்ள பிரிவில் ஒன்றுதான் எடுக்க முடியும், மற்றதில் இரண்டு. எடுத்ததில் ஒன்றை முடித்த பிறகு, காலி இருந்தால் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். ட்ரான் மாதிரி ரொம்பவும் கிராக்கியான சில ரைடுகள் இதில் சேராது. அவற்றுக்கு சிங்கிள் பாஸ் என்று தனியாகக் காசு. விலை நாளுக்கு நாள், பார்க்குக்குப் பார்க் மாறும். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு, ஹோட்டலில் போய் இறங்கும் நாளுக்கு 7 நாள் முன்பே புக்கிங் திறக்கும், தங்கும் நாட்கள் அத்தனைக்கும் சேர்த்து எடுத்துவிடலாம். வெளியே தங்கினால் போகும் நாளுக்கு 3 நாள் முன்புதான். இரண்டுமே திறப்பது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 7 மணிக்கு.

போய்வந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். யாரும் பொய் சொல்வதில்லை, அவரவர் போன வருஷத்து விதியைச் சொல்கிறார்கள். 1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தபோது அது இலவசம். பார்க்குக்குள் மெஷினில் நுழைவுச்சீட்டைச் செருகினால் எப்போது வரவேண்டும் என்று ஒரு காகிதம் வரும். பிறகு 2013, 2014 வாக்கில் ஃபாஸ்ட்பாஸ் பிளஸ். அதுவும் இலவசம்தான், ஆனால் டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் 60 நாள் முன்பும் மற்றவர்கள் 30 நாள் முன்பும் போனிலேயே எடுக்கலாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பார்க்கை மூடினார்கள், அதோடு அது போயிற்று. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று காசுக்கு வந்தது, அன்றன்றைக்குத்தான் எடுக்க முடியும். 2024 ஜூலை 24 முதல் மறுபடியும் முன்பதிவு. தம்பியின் நண்பர் ஒருவர் 60 நாள் கணக்கைத்தான் உறுதியாகச் சொன்னார். அவர் போனது கொரோனாவுக்கு முன்னால். எனவே யார் என்ன சொன்னாலும், எந்த வருஷம் போனார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எதைப் புக் பண்ணுவது? எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாங்கள் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறோம். இருபது ஓவர்லாக் மெஷின் ஓடினாலும் பட்டன் மெஷின் ஒன்றுதான் என்றால், பீஸெல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். ரைடும் அப்படித்தான். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்ற முடியும் என்பது ரைடுக்கு ரைடு வேறு. பைரேட்ஸ் ஆஃப் த கரீபியனில் பெரிய பெரிய படகு, வரிசை நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். பீட்டர் பேன் 1971இல் வந்தது, ஒவ்வொரு குட்டிக் கப்பலிலும் இரண்டு மூன்று பேர்தான் உட்காரலாம். குழந்தைகளுக்கோ ரொம்பப் பிடித்தது. வரிசை அசையவே அசையாது. போதாததற்கு முன்பதிவு செய்தவர்களை முதலில் விடுவதால், சாதாரண வரிசைக்கு மிச்சமாகும் இடம் இன்னும் சுருங்குகிறது. எனவே காசு கொடுத்து நேரம் எடுப்பதென்றால் இந்த மாதிரித் தேங்குகிற ரைடுக்கு எடுக்க வேண்டும். பேர் பெற்ற ரைடு என்பதற்காக எடுக்கக் கூடாது.

ஆனால் அதுவும் இரண்டாவது வேலைதான். முதல் வேலை வீட்டில் கேட்பது. நாங்கள் 8 பேர். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு ஆசை கேட்டேன், அதற்கு மேல் கேட்கவில்லை. மகளுக்கு ஸ்பேஸ் மவுண்டன். மகனுக்குப் பீட்டர் பேன். என் வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் எதுவானாலும் சரி. தம்பி மனைவிக்கு ஹான்டட் மேன்ஷன். அப்பா, "அங்க ஏதோ தோட்டத்துக்குள்ள போட்டுல கூட்டிட்டுப் போறாங்களாமே" என்றார். யூட்யூபில் பார்த்திருக்கிறார். அம்மா வழக்கம்போல, "எனக்கென்ன கண்ணு, நீங்கெல்லாம் போங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்றார்கள். நான் விடவில்லை. அத்தனை தூரம் வருகிற மனுஷி பையைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவதற்கா வருகிறார்? மறுபடி மறுபடி கேட்டபின், "அந்தக் கோட்டையில லைட்டு போடுவாங்களாமே, அதப் பாத்தாப் போதும்" என்றார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். அவர்களாக வாய்திறந்து கேட்கமாட்டார்கள்.

அடுத்து உயரம். மகனைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலையில் ஒரு ஸ்கேலை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, கட்டிங் டேபிளில் கிடந்த இன்ச் டேப்பால் அளந்தோம். 43 இஞ்ச். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 வேண்டும், ட்ரானுக்கு 48. இரண்டுமே அவனுக்கு இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டோம். அழுது முடித்து, ராத்திரி சாப்பிடும்போது சரியாகிவிட்டான். பார்க் வாசலில் நின்று இதைக் கேட்டிருந்தால் அன்றைய பொழுதே போயிருக்கும். ரைடர் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு, அதற்குக் காசில்லை. உயரம் பத்தாத குழந்தையோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர்கள் ஏறிவிட்டு வந்தபின் அவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய உதவி.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, முன்பதிவு தேவைப்படும் ஆசைகள் மிகச் சிலவாகத்தான் நின்றன. டிஸ்னி ஹோட்டலில் தங்கும் எங்களைப் போன்றவர்களைப் பார்க் திறக்க அரை மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள், மகளின் ஸ்பேஸ் மவுண்டன் அதில் முடிந்துவிடும். அப்பாவின் படகு எப்காட் என்ற இன்னொரு பார்க்கில், காலையில் போனால் கூட்டமே இராது. எனவே எப்காட்டுக்கு மல்டி பாஸ் வாங்கவேயில்லை, மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் வாங்கினோம். 8 பேருக்கு ஒரு நாள் பாஸ் மிச்சம் என்றால் சின்னக் காசில்லை.

என்ன நேரம் எடுப்பது என்பதில் நான் எல்லோரும் சொல்வதிலிருந்து மாறுபடுகிறேன். முடிந்தவரை நிறைய ரைடு பார்க்க, ராத்திரி வரை ஒன்று மாற்றி ஒன்று எடுத்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். அது அங்கேயே இருப்பவர்களுக்குச் சரி. மே மாதத்தில் ஒர்லாண்டோவில் மத்தியானம் 3 மணி என்றால் நமக்கு நடு ராத்திரி 12:30. உடம்பு இன்னும் திருப்பூர் கணக்கில்தான் இருக்கும். விடியற்காலை 4 மணிக்கெல்லாம் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள், மூன்று மணிக்குச் சின்னதும் பெரியதும் நின்றபடியே தூங்கும். அதனால் எங்கள் மூன்றையும் காலை 9 மணியிலிருந்து 12 மணிக்குள் எடுக்கத் தீர்மானித்தோம்: பீட்டர் பேன், பஸ் லைட்இயர், ஹான்டட் மேன்ஷன்.

அங்கே காலை 7 மணி, இங்கே மாலை 4:30. தம்பி தன் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோ காலில் வந்தான். இங்கே சாப்பாட்டு மேஜையில் என் பட்டியல், பக்கத்தில் பாதி கட்டிய பெட்டி. எல்லோருடைய டிக்கெட்டையும் அவன் கணக்கில் முன்கூட்டியே இணைத்து வைத்திருந்தான். அதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். நான் பெயரும் நேரமும் படிக்கப் படிக்க அவன் அமுக்கினான். பீட்டர் பேனுக்கு முதலில் காட்டியது மத்தியான நேரம். "அக்கா, இரு, மாத்திப் பாக்கறேன்" என்று நேரப்பட்டியலைத் திறந்து 10:05க்கு ஒன்றைப் பிடித்தான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பட்டியல் தயாராக இருந்ததுதான் காரணம்.

அப்பாவின் படகைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். லிவிங் வித் த லேண்ட் என்று பெயர். எப்காட் திறந்த 1982இலிருந்து வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் போல, மெதுவாகக் கண்ணாடிப் பசுமைக் குடில்களுக்கு உள்ளேயே போகிறது. வாழை இருக்கிறது, கொடிபோலக் கட்டிவிட்ட தக்காளி இருக்கிறது. ஓரிடத்தில் செடிகள் அந்தரத்தில் தொங்க, வேரில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அப்பா தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போட்டவர். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். "மண்ணே இல்லாம வேர வெளிய தொங்கவிட்டு வளத்தறானுங்களே அம்மிணி" என்றார். இறங்கியதும், "இன்னொருக்கா போலாமா?" வரிசையில் ஆளே இல்லை. அப்புச்சியும் பேரனும் மறுபடி போனார்கள். மணி பார்த்து இன்னொரு ரைடுக்கு ஓட வேண்டிய நாளாக அதை அமைத்திருந்தால் இந்த இரண்டாவது தடவை கிடைத்திருக்காது.

அம்மாவின் கோட்டை விளக்குக்காக மேஜிக் கிங்டம் நாளில் 12 மணிக்கே ஹோட்டலுக்குத் திரும்பி, எல்லோரும் நன்றாகத் தூங்கி, இருட்டும் நேரத்துக்குத் திரும்பப் போனோம். அந்த மாலைக்கு ஒரு புக்கிங்கும் வைக்கவில்லை. அம்மா ஆசைதீரப் பார்த்தார்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷம் எல்லோருக்கும் இலவசமாக இருந்ததை இன்று தலைக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, சேர்த்து வைத்த காசில் பிள்ளைகளைக் கூட்டிவருகிற குடும்பம் வெயிலில் நிற்க, பக்கத்து வரிசையில் பணம் கட்டியவர்கள் கடந்துபோகிறார்கள். நாங்களும் அந்தப் பக்கத்து வரிசையில்தான் போனோம், ஆனாலும் அது நியாயமாகப் படவில்லை. டிக்கெட்டோடு சேர்த்து ஆளுக்கு ஒரு ரைடாவது முன்பதிவு தரலாம்.

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களும் கேட்கிறார்கள். அங்கே யுனிவர்சல் ஸ்டூடியோஸில் இருப்பது எக்ஸ்பிரஸ் பாஸ். நேரம் குறிக்கும் வேலை இல்லை, உள்ளே நினைத்த நேரத்தில் பயன்படுத்தலாம். எனவே இவ்வளவு திட்டம் தேவையில்லை, ஆசைப் பட்டியலும் உயர அளவும் மட்டும் போதும்.

ஒர்லாண்டோவுக்கு அரையாண்டு லீவில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். டிசம்பரில் புக்கிங் திறக்கும்போது நமக்கு மாலை 4:30 இல்லை, 5:30. டிஸ்னி தளத்தில் அன்றைக்கு என்ன விதி இருக்கிறது என்பதையும் அறை புக் பண்ணும் முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள்.