3800-ஐத் தாண்டாத எஸ்டீம்

முதலில் பெட்ரோல் பம்பைத்தான் மாற்றினேன். மிதித்தால் 3800 ஆர்பிஎம் வரை வழுக்கிக்கொண்டு ஏறும் வண்டி, அங்கே போனதும் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி தடுமாறி, இருமி, மறுபடி 3500-க்கு இறங்கிவிடும். பெட்ரோல் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். புதுப் பம்ப், புது ஃபில்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க காருக்கு அடியில் படுத்துக் கிடந்தது, எல்லாம் முடித்து ஓட்டிப் பார்த்தால் அதே 3800, அதே இருமல்.

வண்டி பழைய கார்புரேட்டர் மாருதி எஸ்டீம் கார், 1298 சிசி. கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றிவிட்டு ஸ்பீடுயினோ போட்டிருக்கிறேன், அதாவது அர்டுயினோ மெகா போர்டில் ஓடும் திறந்த மூல என்ஜின் கம்ப்யூட்டர். கோயம்புத்தூரில் இந்த மாதிரி வேலை செய்வது சுலபம்; கணபதிப் பக்கம் போனால் பல்சக்கரத்தை லேசரில் வெட்டித் தர ஆள் இருக்கிறது, ஓட்டிப் பார்க்க செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் கரி ஸ்பீட்வேயும் இருக்கிறது. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியில் நான் மாட்டியது 36-1 சக்கரம், அதன் பற்கள் கடப்பதைப் பக்கத்தில் ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். 36 பல் இருக்க வேண்டிய இடத்தில் 35 பல், ஒன்று மட்டும் காலி. பல்லுக்குப் பல் 10 டிகிரி. காலி இடம் கடந்து போகும்போது கம்ப்யூட்டர் "சரி, இது ஒரு சுற்று" என்று கணக்கு வைத்துக்கொள்ளும்.

இந்தப் பெட்டிக்கு என்ஜின் கண்ணுக்கே தெரியாது என்பது மண்டையில் ஏற எனக்கு 3 வாரம் ஆனது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில் போன நேரம் மட்டும்தான். ஸ்டார்ட்டர் 200 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அது 8.3 மில்லி செகண்ட், 6000-த்தில் 0.28 மில்லி செகண்ட். ஸ்பார்க் எப்போது, பெட்ரோல் எவ்வளவு, டாக்கோமீட்டர் முள் எங்கே, எல்லாமே அந்த ஒரு நேரத்திலிருந்து பிறப்பதுதான். ஒரு பல்லைத் தவறவிட்டால் கணக்கு மொத்தமும் போச்சு; எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஸ்பார்க்கையும் இன்ஜெக்டரையும் நிறுத்திவிடும். ஓட்டுகிறவனுக்கு அது அப்படியே பெட்ரோல் தட்டுப்பாடு மாதிரிதான் இருக்கும்.

அதற்கு முன்னால் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஸ்டார்ட் செய்த அன்று வண்டி சில சமயம் ஒரே சுற்றில் பற்றிக்கொள்ளும், சில சமயம் பேட்டரி சாகும்வரை சுற்றினாலும் மூச்சுவிடாது. என்னுடையது இரண்டு வயர் சென்சார், உள்ளே காந்தமும் காயிலும் மட்டும். பல் நெருங்கும்போது வோல்டேஜ் ஒரு பக்கம் ஏறி, பல்லின் நடு கடக்கும் கணத்தில் சட்டென்று பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போகும். அந்தச் செங்குத்தான இறக்கத்தைத்தான் கண்டிஷனர் சிப், அதாவது சென்சார் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் சிப், பிடிக்க வேண்டும். இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் அது பல்லை விட்டுவிட்டுப் பள்ளத்தைப் பிடிக்க ஆரம்பித்துவிடும். லேப்டாப்பில் ஓடும் டியூனிங் மென்பொருளான டியூனர்ஸ்டூடியோவில் டூத் லாகர் போட்டுப் பார்த்தேன். பல்லுக்குப் பல் ஆகும் நேரத்தை அது ஒவ்வொரு கம்பியாக வரைந்து காட்டும்; நேரம் கூடினால் கம்பி உயரும். வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பிகள், நடுவில் இரண்டு மடங்கு உயரத்தில் ஒரே ஒரு கம்பி வர வேண்டும். எனக்கு ஒன்றரை மடங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நின்றன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. காலி இடத்தின் நடுவிலேயே ஒரு தடவை டிரிக்கர் ஆகிறது என்று அர்த்தம். வயரை மாற்றிச் சொருகினேன், 5 நிமிடம், முடிந்தது. கம்ப்யூட்டரில் சிக்னலின் ஏற்றத்தைப் பிடிக்கும் ரைசிங் எட்ஜ், இறக்கத்தைப் பிடிக்கும் ஃபாலிங் எட்ஜ் என்று மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்த 2 சாயங்காலங்களைத் திரும்பக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அது சரியானதால்தான் 3800 வந்தபோது சென்சார் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பம்ப் மாற்றியும் பலன் இல்லாமல் போன பிறகு தற்செயலாகத்தான் திரையின் ஓரத்தில் இருந்த சிங்க் லாஸ் எண்ணைப் பார்த்தேன், கம்ப்யூட்டர் பல் கணக்கை எத்தனை தடவை தவறவிட்டது என்று சொல்லும் எண். ஒவ்வொரு இருமலுக்கும் அது ஒன்று கூடுகிறது. அட, இதை முதல் நாளே பார்த்திருந்தால் பம்ப் காசு மிச்சம்.

சிங்க் லாஸ் என்றால் நாய்ஸ், அதாவது வயரில் புகும் வேண்டாத மின் இரைச்சல், என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். ரெசிஸ்டர் இல்லாத பழைய பிளக்கைக் கழற்றிவிட்டு எண்ணில் ஆர் போட்ட பிளக்காக மாற்றினேன். சென்சார் வயரை இக்னிஷன் காயில் வயரோடு ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன் (சோம்பேறித்தனம்தான்), அதைப் பிரித்து என்ஜினுக்கு மறுபக்கமாகக் கொண்டுபோனேன். ஷீல்டு வயரை இரண்டு முனையிலும் எர்த் செய்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் விட்டுவிட்டு சென்சார் பக்கம் வெட்டிவிட்டேன். இதெல்லாம் எப்படியும் செய்ய வேண்டிய வேலை, வருத்தமில்லை. கடைசியில், வேண்டாத சிக்னலைத் தள்ளிவிடும் டிரிக்கர் ஃபில்டரை அக்ரஸிவ் வரை ஏற்றினேன். 3800 அசையவில்லை.

அப்புறம்தான் லாகை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். நாய்ஸ் என்றால் இல்லாத பல் ஒன்று கூடுதலாக முளைக்கும், அதாவது வழக்கத்தைவிடக் குட்டையான கம்பி தெரிய வேண்டும். என் லாகில் குட்டைக் கம்பி ஒன்றுகூட இல்லை. மாறாக, காலிப் பல்லுக்குரிய உயரமான கம்பி ஒரே சுற்றில் இரண்டு இடத்தில் நின்றது. கூடுதல் பல் வரவில்லை, இருக்கிற பல் ஒன்று காணாமல் போகிறது! வேண்டாத பல்லைத் தள்ளிவிட ஃபில்டருக்குத் தெரியும். வராத பல்லை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இன்னொரு துப்பும் கண்முன்னாலேயே கிடந்தது. நியூட்ரலில் மெதுவாக ஏற்றினாலும் 3800, மூன்றாம் கியரில் முழுசாக மிதித்தாலும் 3800. ஸ்பார்க்கால் வரும் நாய்ஸ் பெரும்பாலும் லோடு கூடும்போது மோசமாகும், சிலிண்டரில் அழுத்தம் கூடினால் ஸ்பார்க் தாவ அதிக வோல்டேஜ் வேண்டுமே. லோடு எதுவானாலும் ஒரே ஆர்பிஎம்மில் வரும் கோளாறு என்றால் எதோ ஒன்று ஆடுகிறது.

சக்கரம் வெட்டித் தந்த லேத் பட்டறை அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சக்கரம் கோணலோ என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தார், 0.1 மில்லிமீட்டர்தான் ஓடியது, பிரச்சினை இல்லை. ஃபீலர் கேஜில் சென்சார் இடைவெளி 0.8, அதுவும் சரி. பிறகு சென்சார் பிராக்கெட்டின் நுனியைக் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினார். "இதென்ன தகடுங்க தம்பி, ஸ்பிரிங் மாதிரி ஆடுது?"

2 மில்லிமீட்டர் தகட்டில் நானே மடக்கிச் செய்தது, 3 அங்குலம் நீளம், ஒரு முனையில் மட்டும் போல்ட். லேப்டாப்பை மாட்டி, சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பிராக்கெட்டை லேசாகத் தட்டினேன். ஓடாத என்ஜினுக்கு ஆர்பிஎம் முள் துள்ளியது. டக், டக் என்று இன்னும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன், நம்பிக்கை வராமல். அண்ணன் சிரித்துக்கொண்டே டீ சொல்ல ஆள் அனுப்பினார்.

கணக்குப் போட்டால் புரிகிறது. நாலு சிலிண்டர் வரிசை என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை மேலும் கீழும் உதறும். 3800-இல் அது நொடிக்கு சுமார் 127 உதறல். என் தகட்டின் இயல்பான அதிர்வும் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது, அதனால் அங்கே மட்டும் தாறுமாறாக ஆடியது. சென்சார் கிட்டே வரும்போது சிக்னல் பெரிதாகும், கண்டிஷனரும் அந்த உயரத்துக்குத் தன் வரம்பை ஏற்றிக்கொள்ளும். உடனே சென்சார் விலக, அடுத்த பல்லின் சிக்னல் அந்த வரம்பைத் தொடாமலே போய்விடும். 4500 வரை எப்படியாவது தாண்டியிருந்தால் ஒருவேளை நன்றாகவே ஓடியிருக்கும், ஆனால் தாண்ட விட்டால்தானே.

6 மில்லிமீட்டர் தகட்டில் புதிதாக வெட்டி, முக்கோணமாக ஒரு தாங்கு வெல்டு வைத்து, பிளாக்கிலேயே 2 போல்ட் போட்டு இறுக்கினார். தடிமன் 3 மடங்கானால் விறைப்பு 27 மடங்கு, தாங்கு தனி. இப்போது ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் முள் அசைவதில்லை.

பிராக்கெட் மாறினால் சென்சார் நிற்கும் கோணமும் மாறும், அதை மறந்துவிட்டு அப்படியே ஓட்டக் கிளம்பியிருப்பேன். ஸ்பார்க் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டை அடித்தால் புல்லியில் 14 காட்டியது. சென்சார் கோணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் டிரிக்கர் ஆங்கிளைத் திருத்தி 10-க்குக் கொண்டுவந்த பிறகுதான் சாலையில் இறக்கினேன். 6200 வரை போனது, சிங்க் லாஸ் பூஜ்யம். பூட்டி வைத்த டைமிங் மட்டும் 6000 பக்கம் போகும்போது ஒரு டிகிரி பின்னால் நகர்கிறது. அந்த வேகத்தில் ஒரு டிகிரி என்பது 28 மைக்ரோசெகண்ட், கண்டிஷனரின் தாமதமாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது.