மூன்று குண்டுகள் தவறியும் இரண்டாமிடம்

நேற்று பயாத்லான் (பனிச்சறுக்கி ஓடி, நடுவே நின்று துப்பாக்கியால் குறி சுடும் போட்டி) பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு இளம் வீரன் திடீரென முன்னேறியதும் பக்கத்திலிருந்த நண்பர் சொன்னார்: "இவன் ஏதோ மருந்து எடுக்கிறான்." எனக்குச் சுருக்கென்றது.

2010 வான்கூவர் ஒலிம்பிக் நினைவுக்கு வந்தது. ஆண்கள் 15 கிலோமீட்டர் மாஸ் ஸ்டார்ட், அதாவது எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் பந்தயம். பிரான்ஸின் மார்ட்டின் ஃபூர்காத்துக்கு அப்போது 21 வயது. உலகக் கோப்பைப் போட்டிகளில் அதுவரை முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததே இல்லை. 20 குண்டுகளில் மூன்று தவறின. தவறிய ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். அப்படியும் பின்னாலிருந்து பாய்ந்து வந்து வெள்ளி வாங்கினான். சந்தேகப்பட வேண்டுமென்றால் அவனைத்தானே சந்தேகப்பட்டிருப்போம்?

தங்கம் வாங்கியவர் ரஷ்யாவின் எவ்கெனி உஸ்த்யுகோவ். ஆண்டுக்கணக்கில் எடுத்த ரத்தப் பதிவுகளை வைத்து அவர் ஊக்கமருந்து எடுத்தது நிரூபணமாகி, வெற்றி பறிக்கப்பட்டது. 2025-ல்தான் அந்தத் தங்கம் ஃபூர்காத்துக்கு என்று முடிவானது. அதற்குள் அவர் ஓய்வே பெற்றுவிட்டார்.

சரி, சந்தேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த விளையாட்டில் ஏமாற்றியவர்கள் நிறைய. ஆனால் இருபது வயதில் ஒரே ஆண்டில் உடம்பு எவ்வளவோ மாறும். அப்புறம் சுடும்போது கை நடுங்காமல் நிற்கவும் பழகிவிட்டால், முப்பதாவது இடத்திலிருந்தவன் மூன்றாவதாக வரலாம். நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.