ஆனை வழி

நேற்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் மாமா வீட்டில் இருந்தேன். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர், அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். "ஆனை நிக்குது மக்கா, இன்னைக்கு வெட்டு இல்ல."

வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தோம். பால் பிடிக்கிற சிரட்டை நாலைந்து மிதிபட்டுக் கிடந்தது. ஆனைப் பிண்டத்தைக் குச்சியால் கிளறினால், புல்நாரோடு ஒரு மிக்சர் கவர். முழுசாக! காளிகேசத்துக்குக் குளிக்க வருகிற நம்மாட்கள் வீசியதாகத்தான் இருக்கும்.

ஆனை தோட்டத்துக்குள் வந்துவிட்டது என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1960-களில் காட்டை வெட்டித்தானே அரசு அங்கே ரப்பர் நட்டது? இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு அதில் வேலை கிடைத்தது, அதையும் மறுக்க முடியாது. ஆனால் ஆனைக்கு அது இன்னும் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிற வழிதான். அப்புறம் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம், 2022-இல் அகத்தியமலை யானைகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். சரி, நல்லதுதான். ரப்பருக்கு நடுவே ஆனை நடக்க இடம் எங்கே?

மாமாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஆனையைத் திட்டவில்லை. "நாளைக்கு மேல ஏறிடும்" என்றவர், அந்தக் கவரைக் குச்சியால் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டார்.