மணலுக்கும் கச்சானுக்கும் நடுவே ஒரு ஹேண்டில்பார்

6 ஜூலை 2025, உச்சிப்புளி

அரியமானில் சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் இளமணல் தொடங்குகிறது. இன்றும் அதே இடத்தில் முன்சக்கரம் புதைந்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. இறங்கித் தள்ளினேன். டயர் காற்றை 25 பிஎஸ்ஐக்கு இறக்கியும் பார்த்தாயிற்று. கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

என் வண்டி கைமாறி வந்த பழைய எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள். 620 மி.மீ. நேர் ஹேண்டில்பார், அதை வண்டியோடு பிணைக்கும் 100 மி.மீ. ஸ்டெம். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்த்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு வளைந்து, தோள் முன்னால் போய், உடம்பின் பாரம் கை வழியே முன்சக்கரத்தில் இறங்குகிறது. தார்ச்சாலையில் இதனால் நன்மைதான். மணலில் அந்தப் பாரமே சக்கரத்தை ஏர்க்கொழு மாதிரி உழ வைக்கிறது.

8 ஜூலை

இந்த வண்டிகளின் வரலாறே அகலத்துக்கும் குறுக்கத்துக்கும் நடுவே போய் வந்த கதைதான். 1970களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் பருமனான டயர் போட்ட பழைய சைக்கிள்களை இறக்கத்தில் ஓட்டியவர்கள், மோட்டார் சைக்கிள் பாணியில் அகலமான பார்களைப் போட்டார்கள். 1990களில் பந்தய ஆசை பெருகியதும் பார் 58 செ.மீ. அளவுக்குச் சுருங்கியது, ஸ்டெம் நீண்டது. இப்போது மறுபடி 760, 780 மி.மீ. பாரும் 50 மி.மீ.க்குள் அடங்கும் ஸ்டெம்மும் சாதாரணம். என் வண்டி அந்தக் குறுகிய பார் காலத்துப் பிள்ளை.

மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

12 ஜூலை

760 மி.மீ. பார் வந்தது. பழைய ஸ்டெம்மில் நுழையவே இல்லை. பாரின் நடுப்பகுதி 31.8 மி.மீ. பருமன், பழைய ஸ்டெம்மின் பிடிப்பு 25.4. வாங்குமுன் இந்த ஒரு எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். ராமநாதபுரம் போய் 50 மி.மீ. ஸ்டெம் ஒன்று வாங்கி வந்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்குழாய், ஸ்டெம் மாட்டும் ஸ்டியரர், வழக்கமான 28.6 மி.மீ. என்பதால் அந்தப் பக்கம் சிக்கல் இல்லை.

13 ஜூலை

நானே மாட்டினேன். தெருமுனைக்குள் முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டியது. பக்கவாட்டு போல்ட்டுகளை முதலில் முறுக்கிவிட்டு மேல்மூடியை முறுக்கியதுதான் பிழை. மேல்மூடி போல்ட் ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்துவதற்கு அல்ல, ஃபோர்க் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்குகளின் ஆட்டத்தை எடுப்பதற்கு. பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்கி, ஸ்டெம்மை முன்சக்கரத்துக்கு நேராக்கி, அப்புறம்தான் பக்கவாட்டில் இறுக்க வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இறுக்கும் அளவு ஸ்டெம்மிலேயே பொறித்திருந்தது: 5 நியூட்டன் மீட்டர்.

போல்ட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் வைத்தேன். உப்புக்காற்றில் எஃகு போல்ட்டும் அலுமினியமும் ஒட்டிப்போனால் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

15 ஜூலை

அரியமான். போன வாரம் சக்கரம் புதைந்த அதே மணல். பிருஷ்டத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி, கையைத் தளர்த்தி, சீராக மிதித்தேன். முன்சக்கரம் மிதந்துகொண்டு போனது. முப்பது நாற்பது அடி நிற்காமல் கடந்தேன்! அங்கேயே நின்று திரும்பிப் பார்த்து, என் டயர் தடத்தை ரசித்தேன்.

பாரும் ஸ்டெம்மும் மாறினாலும் ஃபோர்க்கின் சாய்வு மாறவில்லை. சக்கரம் தரையைத் தொடும் இடமும் அதேதான். மாறியது என் கை நிற்கும் இடம். நீண்ட ஸ்டெம்மில் கைகள் திருப்பு அச்சுக்கு வெகுமுன்னால் இருந்ததால், திருப்பும்போது இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் வீசின. இப்போது அச்சைச் சுற்றியே திரும்புகின்றன. வண்டி சொன்னதும் கேட்கிறது. ஆனால் அகலமும் கூடியிருக்கிறது. முன்பு ஒரு டிகிரி திருப்ப பாரின் முனை ஏறக்குறைய 5.4 மி.மீ. நகர்ந்தது; இப்போது 6.6. குட்டை ஸ்டெம் கொடுக்கும் படபடப்பை அகலமான பார் அடக்கிவைக்கிறது. ஸ்டெம்மை மட்டும் மாற்றியிருந்தால் வண்டி கையில் நிற்காமல் துள்ளியிருக்கும்.

20 ஜூலை

தனுஷ்கோடி. விடியுமுன் கிளம்பினேன். அரிச்சல்முனைக்குப் போகும்போது மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்று பின்னால் இருந்து தள்ளியது, சுகம். திரும்பும்போது அதே காற்று இடது முன்பக்கம் வந்து அறைந்தது. இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றுமில்லை. கை விரிந்து, மார்பு நிமிர்ந்து, நானே பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டேன். பழைய பாரில் இவ்வளவு சிரமம் இருந்ததில்லை. அதோடு முன்பக்கத்தில் பாரம் குறைந்ததால், காற்று விட்டுவிட்டு அடிக்கும்போதெல்லாம் சக்கரம் அலைந்தது. முகுந்தராயர் சத்திரம் வந்து சேருவதற்குள் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே நல்ல வலி.

மணலில் கிடைத்ததைக் காற்றில் விட்டுவிட்டேனோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

24 ஜூலை

ஆடி அமாவாசை. ராமேஸ்வரம் சாலை முழுக்கக் கூட்டம், வண்டி எடுக்கவில்லை.

வலை பிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் பாரைக் காட்டினேன். பிடித்து இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். “சுக்கான் பிடி மாதிரிதான் தம்பி. நீளமா இருந்தா கையை நெறைய வீசணும், ஆனா தண்ணி இழுத்தாலும் தாங்கலாம். அதுக்காக உன் கை எட்டாத நீளத்துக்கு வச்சா என்ன பிரயோசனம்?”

கை எட்டாத நீளம். தோள்வலிக்கு அதுதான் காரணம்.

27 ஜூலை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டேன். காலையில் ஸ்டெம்மின் அடியில் இருந்த 20 மி.மீ. ஸ்பேசர் வளையங்களைக் கழற்றி மேலே போட்டேன். பார் இறங்கியது. ஸ்டியரர் பின்னால் சாய்ந்திருப்பதால், 20 மி.மீ. இறக்கியதில் கைப்பிடி சுமார் 7 மி.மீ. முன்னாலும் போனது. முன்சக்கரத்தில் பாரம் கொஞ்சம் திரும்பி வந்ததை முதல் திருப்பத்திலேயே உணர்ந்தேன்.

மாலையில் பாரை அறுக்காமல், கிரிப்பையும் பிரேக் லீவரையும் இரண்டு பக்கமும் 10 மி.மீ. உள்ளே தள்ளினேன். அறுத்தால் ஒட்ட முடியாது. ஒரு வாரம் இப்படியே ஓட்டிப் பார்க்கலாம்.

3 ஆகஸ்ட்

இன்று மறுபடி தனுஷ்கோடி. கச்சான் அன்றைக்குக் குறையாமல் அடித்தது. முழங்கையை மடக்கித் தாழ்ந்து உட்கார முடிந்தது, தோள் வலிக்கவில்லை. பழைய வண்டியின் வேகம் வராது. ஆனால் காற்று தள்ளும்போது சக்கரத்தைப் பிடித்து நிறுத்த கையில் பலம் இருக்கிறது. சாலையில் மணல் ஏறிக் கிடந்த இரண்டு இடங்களிலும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹேக்ஸா எடுத்து இரண்டு முனையிலும் 10 மி.மீ. அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்து, மூடி போட்டேன். 740. ஸ்பேசர்கள் மேலேயே இருக்கட்டும். வாடைக்காற்று தொடங்கும்போது மறுபடி பார்க்க வேண்டும்.